அந்தப் பக்கத்துக் கால் தெரிகிறதா?

சென்ற வாரம் கேண்டீனில் என்னை மடக்கிப் பிடித்தீர்களே, அந்த நான்கு பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன். பேலட் வாங்குகிற படிவத்தில் இத்தனை கட்டங்கள் எதற்கு என்று சலித்துக்கொண்டீர்கள். ஒற்றை முகமா, இரட்டை முகமா? இரண்டு வாயா, நான்கு வாயா? எந்த அளவு முதலில், எந்த அளவு பிறகு? "மரப்பலகைதானே அங்கிள், கெட்டியா நாலு ஆணி அடிச்சுக் குடுன்னா குடுக்கப் போறான் லா" என்றார் உங்களில் ஒருவர். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. தே தாரேக் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். மரியாதை தெரியாத கிழவன் என்று நினைத்திருப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

"கெட்டியா நாலு ஆணி" என்ற அந்தப் பேச்சை நான் இதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன். அன்று அதைச் சொன்னது ஒருவர் அல்லர், ஒரு தோட்டமே சேர்ந்து சொன்னது. என்ன ஆயிற்று என்று கேளுங்கள். அதற்குப் பிறகு கட்டங்களை நிரப்புவதும் நிரப்பாததும் உங்கள் பாடு.

வெள்ளைக்காரர்கள் ஆண்ட மலாயாவின் அவசரகாலம் அது. சிரம்பானிலிருந்து பத்தாவது மைல் கல்லில் இருந்ததால் எங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் பத்துக்கட்டை என்றே பெயர்; மைலைக் கட்டை என்போம். காட்டுக்குள் துப்பாக்கிக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் கைக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று அரசாங்கம் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் குடியிருந்த லயன் வீடுகளைச் சுற்றி முள்வேலி, வெளியே போக ஒரே ஒரு கேட்டு. அளந்து கொடுத்த அரிசியை வேலிக்குள் ஆக்கித் தின்னலாம். கேட்டைத் தாண்டி ஒரு மணி அரிசி போகக் கூடாது. பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கப் போகும் பெண்கள் தேத்தண்ணிப் போத்தலைத் திறந்து காட்டி, மடியில் முடிந்த வெற்றிலையை உதறிக் காட்டிவிட்டுத்தான் போவார்கள். சோதனைக்கு நின்ற மலாய்ப் போலீஸ் சார்ஜன் கெட்ட மனிதர் அல்லர். ஆனால் அவர் கண்ணுக்குத் தெரியாத எதையும் அவர் நம்பமாட்டார். அந்த வேலைக்கு அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும்.

நான் ஸ்டோர் கிராணி, அதாவது குமாஸ்தா. ஆணியிலிருந்து அமிலம் வரை தோட்டத்துக்கு வேண்டியதை வாங்கிப் போடுவது என் வேலை. இளவயது. படிய வாரிய தலை, மடிப்புக் கலையாத காக்கிக் கால்சட்டை, பெரியவர்களே 'ஐயா' என்று கூப்பிடுவதால் வந்த மிதப்பு. எல்லாம் இருந்தது.

தோட்டத்தில் கட்டுக்கொட்டகை ஒன்று இருந்தது. புகையில் காய்ந்த ரப்பர் ஷீட்டுகளை அடுக்கி, அழுத்தி, பொதியாக்கி, ஒட்டாமலிருக்க மேலே வெள்ளைப் பூச்சு பூசி அனுப்புகிற இடம். வேலை செய்தவர்கள் எல்லாரும் பெண்கள். அவர்களுக்குத் தலைவி அஞ்சலையக்கா. ஆள் ஒல்லி, குரல் எடுத்தால் புகைக்கொட்டகை வரை கேட்கும். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை எதிரில் என்னைக் 'கிராணி ஐயா' என்பார். துரை தலை மறைந்ததும் 'தம்பி' என்பார். கோபம் வந்தால் இரண்டும் கிடையாது, 'டேய்'தான்.

அக்கா முன்பு புல்லுவெட்டில் இருந்தவர். காட்டோரம் நின்று களையெடுக்கும் வேலை. ஒரு நாள் காட்டுக்காரர்களும் ரோந்து வந்தவர்களும் மாறி மாறிச் சுட்டதில், அவருக்குப் பக்கத்தில் குனிந்திருந்த பெண் நிமிரவே இல்லை. அதன் பிறகு வேலை வாங்கும் மண்டோரிடம் அழுது, சண்டை போட்டு, கொட்டகைக்கு வந்து சேர்ந்தார். "யாரு சுட்டாலும் குண்டு நம்ம மேலதான் தம்பி படுது. செத்தாலும் இந்த வெள்ளப் பூச்சுலயே சாவேன், அங்க மட்டும் போகமாட்டேன்" என்பார். கொட்டகைப் பெண்களில் பாதிப் பேர் அப்படித் தப்பி வந்தவர்கள்தான்.

இப்படி இருக்கையில் வெளிநாட்டிலிருந்து ஒரு புகார் வந்தது. கப்பலின் அடியறைச் சூட்டில் எங்கள் பொதிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகிவிடுகின்றனவாம். இறக்குகிற ஆட்கள் ரம்பம் போட்டு அறுக்கிறார்களாம். கம்பெனி ஒரு யோசனை சொல்லியனுப்பியது. பொதிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து மரப் பேலட்டில் அடுக்கி அனுப்பிப் பாருங்கள் என்றது. இன்றைக்குச் சந்துக்குச் சந்து பேலட் கிடக்கிறது. எங்களுக்கு அன்று அது புதுசு. மேலே பலகை, நடுவில் கட்டை, கட்டைகளுக்கு இடையில் சந்து. துறைமுகத்தில் இரண்டு இரும்புக் கொம்பு நீட்டிய வண்டி வரும். கொம்பைச் சந்துக்குள் விட்டு, சரக்கோடு தூக்கிக்கொண்டு போகும். கொம்பு நுழைகிற அந்தச் சந்தைத்தான் வாய் என்போம்.

துரை கொட்டகை வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னார். தோட்டத் துரைமார்கள் தமிழ் பேசுவார்கள். எல்லாம் கட்டளைத் தமிழ். "சரக்கு நல்லா போகுது, கொட்டகை இருக்கும். போகலை, கொட்டகை சாத்து. ஷீட்டு எல்லாம் கெமாஸ் தோட்டத்துக்குப் போகும், அங்க கட்டி ரயில்ல ஏத்துவான். பொம்பளைங்க எல்லாம் புல்லுக்கு."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பேலட் வாங்க வேண்டியவன் நான் அல்லவா?

உடனே ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். எங்கள் தோட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. ரப்பர் திருட்டுக்குப் பயந்து, கேட்டைத் தாண்டுகிற எதையும் மூடி, இறுக்கி, முத்திரை போட்டுத்தான் அனுப்புவோம். மூடியிருந்தால் நல்ல சரக்கு, திறந்திருந்தால் யாரோ கை வைத்த சரக்கு. மூன்று தலைமுறையாக அதுதான் எங்களுக்குத் தெரிந்த வியாபாரம். "அடியில பலகை இல்லாட்டி மண்ணு ஏறும், எலி ஏறும், எவனாச்சும் ஷீட்ட உருவுவான். ரெண்டு பக்கமும் பலகை போட்டு மூடச் சொல்லு" என்றார் அக்கா. எனக்கு மேலே இருந்த பெரிய கிராணி தலையாட்டினார். துரையும் "கெட்டியா வேணும்" என்றார்.

சிரம்பான் பக்கம் தெமியாங்கில் ஒரு மர ஆலை இருந்தது. அதன் முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு ரம்பத்தூளுக்குள் நடமாடும் சீனப் பெரியவர். பட்டாளத்து முகாம்களுக்குப் பேலட் அடித்துப் பழகியவர். போனதும் அவர் மலாயில் வரிசையாகக் கேட்டார். எத்தனை வாய்? ஒரு முகமா, இரண்டு முகமா? எந்தப் பக்கத்திலிருந்து தூக்குவார்கள்? லாரியில் எப்படி வைப்பீர்கள்? நான் அளவைச் சொன்னேன். "மேலேயும் கீழேயும் பலகை, நல்லாக் கெட்டியா" என்றேன். அவர் இன்னொரு முறை கேட்டார். நானும் இன்னொரு முறை "கெட்டியா" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "லு புன்யா சுக்கா லா" என்று பென்சிலை எடுத்தார். லு என்றால் நீ; உன் இஷ்டம்பா என்று அர்த்தம்.

வந்து இறங்கிய பேலட்டைப் பார்க்க லயனே திரண்டது. என்ன கனம்! பெரிய கிராணி அதன் மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தார். கிளம்புகிற அன்று காலையில் அக்கா தாம்பாளத்தோடு வந்தார். முதல் சரக்கு, பூசை போடாமல் அனுப்ப முடியுமா? வெறும் பேலட்டுகள் மேல் சந்தனம் தெளித்து, எலுமிச்சம்பழம் சுற்றி, சூடம் காட்டி, பெண்கள் எல்லாரும் ஒவ்வொரு பேலட் மேலும் மஞ்சள் அரிசி தூவி வாழ்த்தினார்கள். நானும் இரண்டு விரல் அள்ளித் தூவினேன். அதன் பிறகு பொதிகளை ஏற்றினார்கள்.

கேட்டில் சார்ஜன் லாரிக்குப் பின்னால் வந்து குனிந்தார். அந்தப் பேலட்டுக்கு இரண்டே வாய். லாரியில் பொருந்துகிற மாதிரி அடுக்கியதில் ஒரு வாய் டிரைவரைப் பார்த்தது, இன்னொரு வாய் பின்பலகையைப் பார்த்தது. நடுவில் இருந்தவை ஒன்றின் வாயை ஒன்று அடைத்துக்கொண்டன. பக்கவாட்டில் பார்த்தால் முழுக்கக் கட்டை. சார்ஜன் ஒரு நீளக் கம்பியைக் கடைசிப் பேலட்டின் வாய்க்குள் விட்டுத் துழாவி இழுத்தார். கம்பி முனையோடு நான்கு மஞ்சள் மணிகள் வந்து விழுந்தன. எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தார்.

"பெராஸ்" என்றார். அரிசி.

மேல்பலகைச் சந்துகள் வழியாக விழுந்த மஞ்சள் அரிசி, அடிப்பலகையில் தங்கிவிட்டது. எங்களுக்கு அது வாழ்த்து. அவருக்கு அது உணவுக் கடத்தல். உள்ளே கிடப்பது நான்கு மணியா, நாற்பது படியா என்று வெளியே நின்று யாரால் சொல்ல முடியும்? நாங்கள்தான் வெகு கெட்டியாக மூடியிருந்தோமே!

"பூக்கா செமுவா" என்றார் சார்ஜன். எல்லாவற்றையும் திற.

தோட்டத்தில் கொம்பு வண்டி ஏது? ஆட்கள்தான் பொதி பொதியாக இறக்கினார்கள். பேலட்டுகளைக் கடப்பாரையால் பெயர்த்தார்கள். காவல் வண்டியோடு சேர்ந்து போக வேண்டிய லாரி வரிசை எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. காவல் இல்லாமல் அந்த ரோட்டில் லாரி போகக் கூடாது. எங்களுக்குத் தெரிந்துவிட்டது, கப்பல் போச்சு. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

யார் அரிசி போட்டது என்று சார்ஜன் கேட்டதும் எல்லாரும் தரையைப் பார்த்தோம். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "சாயா" என்றார். நான்தான் என்று அர்த்தம். "சாமிக்குப் போட்டது தொர, காட்டுக்குப் போட்டது இல்ல." அவரைக் காவல் கூண்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தார்கள். எல்லாப் பேலட்டையும் பெயர்த்துக் கூட்டி அள்ளியதில் ஒரு கைப்பிடி அரிசி தேறவில்லை. கூடவே ஓர் எலுமிச்சம்பழம். சார்ஜன் அந்தப் பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அக்காவைப் போகச் சொல்லிவிட்டார். ஆனால் ஒன்று சொன்னார்: இனிமேல் அந்தக் கொட்டகையிலிருந்து எது வந்தாலும் முழுக்க இறக்கிப் பார்க்காமல் விடமாட்டேன்.

அன்று மாலை அக்கா என்னிடம் வந்தார். தம்பியும் இல்லை, டேயும் இல்லை. "அடுத்த கப்பலும் போச்சுன்னா நான் புல்லுக்குப் போகணும், இல்ல?" என்றார். நான் ஸ்டோர் சாவியைத் திருகிக்கொண்டு நின்றேன். "வாயில கொழுக்கட்டையா? சொல்லேன்டா" என்று சொல்லிவிட்டு அழுதார். அந்த வாயாடி மனுஷி அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் துரை ஆபீசில் என்னைக் கூப்பிட்டார். "நான் பெரிய போலீஸ் துரைக்கு போன் பண்றேன். நம்ம லோரி பார்க்க வேணாம், நேரா விடுன்னு சொல்வான். முடிஞ்சு" என்றார். பெரிய கிராணி முகம் மலர்ந்துவிட்டது. எல்லாருக்கும் அது நல்ல வழியாகவே பட்டது.

இளைஞர்களே, வேலையில் ஆபத்தான நேரம் எது தெரியுமா? வழி அடைபட்ட நேரம் அல்ல. சுலபமான வழி திறக்கிற நேரம். நான் அங்கேயே நின்று யோசித்தேன். சோதனை இல்லாமல் போகிற லாரி ஒன்று இருக்கிறது என்று ஊருக்குத் தெரிய எத்தனை நேரம் ஆகும்? காட்டுக்காரர்கள் காதுக்கும் போகும். அவர்கள் துரையிடம் வரமாட்டார்கள், கிராணியிடம் வரமாட்டார்கள். பால்காட்டில் மரம் வெட்டும் அஞ்சலையக்காவின் தங்கையை மடக்கி, "அந்த லோரியில ஒரு மூட்டை வை" என்பார்கள். வைத்தால் போலீஸ், வைக்காவிட்டால் துப்பாக்கி.

"வேணாம் தொர" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "பாக்காம விடச் சொன்னா நம்ம பொம்பளைங்க கழுத்துல கயிறு விழும். பாக்கறது சுலபமா இருந்தாப் போதும். பேலட்ட மாத்தலாம்."

"ஒரு சான்ஸ்தான், கிராணி" என்றார் துரை.

ஆபீசிலிருந்து நேராகக் கேட்டுக்குப் போனேன். சார்ஜனிடம் சலாம் சொல்லிவிட்டு, "என்ன தெரிஞ்சா எங்க லோரிய விடுவீங்க?" என்று கேட்டேன். முதலில் முறைத்தார். அவரிடம் விடச் சொல்லிக் கெஞ்சியவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். என்ன வேண்டும் என்று கேட்டவர் யாரும் இல்லை போலிருக்கிறது. பிறகு ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு, நின்றிருந்த தண்ணீர் லாரிக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னார். இவர் இந்தப் பக்கம் குனிந்தார்.

"இப்ப அவன் பூட்ஸு எனக்குத் தெரியுது" என்றார். அவர் சொன்ன மலாயைத் தமிழில் சொல்கிறேன். "உன் சரக்குக்குள்ள பூந்து இப்படித் தெரியணும். சரக்கு ஏத்தின லோரியிலயே தெரியணும். தெரிஞ்சா நான் எதையும் இறக்கமாட்டேன்."

அவ்வளவுதான். நான் தெமியாங்குக்கு ஓடினேன்.

இந்த முறை தவுக்கே கேட்பதற்கு முன் நான் கேட்டேன். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம். மாதிரிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டார். கடையாளை அந்தப் பக்கம் நிற்க வைத்துவிட்டு, மடிப்புக் கலையாத என் கால்சட்டையோடு ரம்பத்தூளில் குப்புறப் படுத்துப் பார்த்தேன். தவுக்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முழு நீளக் கட்டை ஓடுகிற பேலட்டில் இரண்டு வாய்தான். பக்கவாட்டில் பார்த்தால் இருட்டு. கட்டைக்குப் பதில் தனித்தனித் துண்டுகளை நிறுத்தியதில் நான்கு வாய். எந்தப் பக்கம் படுத்தாலும் அந்த ஆளின் செருப்பு தெரிந்தது. அது வேண்டும் என்றேன்.

அப்புறம் முகம். அடியை முழுக்க மூடினால் இரட்டை முகம், விழுந்தது தங்கும். அடியில் மூன்றே மூன்று சட்டம் போதும் என்றேன். "பாரம் தாங்கணுமே" என்று தவுக்கே மூக்கைச் சொறிந்தார். அப்படியானால் அடிச்சட்டத்துக்குக் கெம்பாஸ் போடு, அது இரும்பு மாதிரி மரம். மேலுக்கு லேசான மெராந்தி மரம் போதும் என்று பேசி முடித்தோம். மேல்பலகைகளுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி? அகலமாக விட்டால் ரப்பர் பொதி மெத்துமெத்தென்று அதற்குள் பிதுங்கி இறங்கும், கீழே வாயை அடைக்கும். நெருக்கினால் உள்ளே பார்க்க முடியாது. இரண்டு விரல் என்று முடிவு செய்தேன். அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன் பாருங்கள்.

கடைசியில் அளவு. ஆலைக்காரர்களிடம் முதலில் சொல்கிற அளவு, அடிச்சட்டம் ஓடுகிற பக்கம். இரண்டாவது அதற்குக் குறுக்கே. இதை மாற்றிச் சொன்னால் பேலட்டும் மாறித்தான் வரும். லாரியின் அகலத்தில் இரண்டிரண்டாக ஜோடி வைக்க வேண்டும். ஜோடியின் வாய்கள் நேருக்கு நேர் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் பேலட்டில் நுழைந்த பார்வை இரண்டாவதில் முட்டிக்கொள்ளும். வாயால் சொன்னால் போதாது என்று கரித்துண்டை வாங்கித் தரையில் லாரியையே வரைந்து, எது எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்டுக் காட்டினேன். தவுக்கே பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "இப்பத்தான் லு ஆர்டர் குடுக்கற" என்றார்.

புதுப் பேலட் வந்தபோது லயனில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. எலும்புக்கூடு மாதிரி இருக்கிறது என்றார்கள். பெரிய கிராணி இந்த முறை ஏறிக் குதிக்கவில்லை. அக்கா மட்டும் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து, அந்தப் பக்கம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வெள்ளைப் பூச்சை எடுத்து ஒவ்வொரு பேலட்டின் விளிம்பிலும் என் அம்புக்குறியைப் போட்டார்.

கிளம்புகிற நாள். பூசை வேண்டாம், பட்டது போதும் என்று பெண்கள் பயந்தார்கள். அக்கா கேட்கவில்லை. "ஒளிஞ்சு போட்டாத்தான தப்பு? கேட்டுல வெச்சே போடறேன்" என்று தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்கு முன்னால் நடந்தார். தாம்பாளத்தில் அரிசி இல்லை. கோயில் பக்கத்துச் செம்பருத்தியைப் பறித்து இதழ் இதழாக உதிர்த்து வைத்திருந்தார்.

சார்ஜன் அக்காவைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார். அக்கா தாம்பாளத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். "பாத்துக்க தொர, பூவு. மடியில கனம் இல்ல, வழியில பயம் இல்ல." சார்ஜனுக்குப் பழமொழி புரிந்ததோ இல்லையோ, அக்காவின் நிமிர்ந்த தலை புரிந்தது. கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அக்கா லாரியில் ஏறி, பொதி ஏற்றாமல் விட்டிருந்த ஒரு பேலட் மேல் இதழ்களைத் தூவினார். இரண்டு விரல் சந்துகளில் புகுந்த இதழ்கள் எங்கும் தங்கவில்லை. கீழே லாரிப் பலகையில் சிவப்பாகக் கிடந்தன. எல்லார் கண்ணுக்கும் தெரிந்தன. நான் இரண்டு விரல் என்று சொன்ன காரணம் அதுதான்.

கான்ஸ்டபிள் அந்தப் பக்கம் போய், பூட்ஸ் பேலட் மட்டத்துக்கு வரும்படி ஒரு தகர டிரம் மேல் ஏறி நின்றார். பக்கப்பலகையை இறக்கினோம். சார்ஜன் குனிந்து முதல் ஜோடியைப் பார்த்தார், தலையாட்டினார். இரண்டாவது ஜோடி, தலையாட்டினார். மூன்றாவதில் அவர் தலை அசையவில்லை. இன்னும் குனிந்தார். "இருட்டா இருக்கு" என்றார்.

தூரத்தில் லாரி வரிசை ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நானும் பக்கத்தில் போய்க் குனிந்தேன். ஏற்றும்போது யாரோ நெம்பியதில் அந்தப் பக்கத்துப் பேலட் ஒரு சாண் பின்வாங்கியிருந்தது. இந்தப் பேலட்டின் வாய்க்கு எதிரே அந்தப் பேலட்டின் கட்டைத்துண்டு நின்றது. அக்காவின் வெள்ளை அம்புகள் இரண்டும் நேர்கோட்டில் இல்லை.

"இறக்க வேணாம் சார்ஜன், ஒரே ஒரு நிமிஷம்" என்று கத்திக்கொண்டே கடப்பாரையை எடுத்தேன். கிராணி கையில் கடப்பாரையைப் பார்த்து ஆட்கள் ஒரு கணம் திகைத்தார்கள். அப்புறம் நான்கு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஏலேலோ போட்டு நெம்பினோம். அம்பும் அம்பும் சேர்ந்தன. சார்ஜன் மறுபடி குனிந்தார். பொதிகளுக்கு அடியில், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, பளிச்சென்று பகல் வெளிச்சம். அதன் முடிவில் ஒரு ஜோடி பூட்ஸ்.

சார்ஜன் நிமிர்ந்து கைத் தூசியைத் தட்டினார். லாரியின் பக்கவாட்டில் கையால் ஓர் அடி போட்டு, "ஜாலான்!" என்றார். போ!

அடேயப்பா, அன்று எழுந்த சத்தம்! பெண்கள் குலவை போட்டார்கள். எங்கள் லாரி வரிசையின் கடைசி வண்டியாகப் போய் ஒட்டிக்கொண்டது. நான் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டு மறைகிற வரை பின்னால் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்.

துறைமுகத்தில் இன்னொன்று நடந்தது. மற்றத் தோட்டத்து லாரிகள் எல்லாம் பின்பக்கம் காட்டித் திரும்ப இடமில்லாமல் முட்டி மோதிக்கொண்டிருந்தன. அவர்களுடையது இரண்டு வாய்ப் பேலட், கொம்பு பின்னாலிருந்துதான் நுழையும். கொம்பு வண்டி ஓட்டியவர் நம் ஆள், வியர்வையில் குளித்திருந்தார். எங்கள் லாரியிடம் வந்து நின்று, "எவன்யா இந்தப் பேலட்டுக்கு ஆர்டர் குடுத்தது?" என்று கத்தினார்.

போச்சு, இங்கேயும் ஏதோ தப்பு என்று நினைத்து, "நான்தாங்க" என்றேன்.

"நல்லா இருப்பே லா! நாலு பக்கமும் வாய் வெச்சிருக்கே பாரு! நீ திரும்பவே வேணாம், நான் சைடுலயே தூக்கிக்கறேன்." சொன்ன மாதிரியே தூக்கினார். எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் பார்த்துக்கொண்டே நிற்க, எங்கள் லாரி காலியாகிவிட்டது. சோதனைக்காகத் திறந்த வாய், தூக்குகிறவருக்கும் திறந்திருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் மார் விரிகிறது. அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

சரக்கு போய்ச் சேர்ந்து, பொதிகள் தனித்தனியாக, முழுசாக வந்தன என்று செய்தி வந்த அன்று துரை கொட்டகை வாசலில் வந்து நின்றார். "கொட்டகை சாத்த வேணாம். இன்னும் பெருசா கட்டு" என்றார். அக்கா என்னைப் பார்த்து, துரை எதிரிலேயே, "டேய்" என்றார். சொல்லிவிட்டு, படிய வாரிய என் தலையைக் கலைத்துவிட்டார். அந்தப் பெண்களில் ஒருத்திகூட அதற்குப் பிறகு காட்டோரத்துக்குப் புல் வெட்டப் போகவில்லை.

ஆக, உங்கள் படிவத்துக்கு வருவோம். எத்தனை வாய் என்ற கட்டத்துக்குப் பின்னால் கொம்பு வண்டி ஓட்டுகிறவர் நிற்கிறார். எத்தனை முகம் என்ற கட்டத்துக்குப் பின்னால் சோதிக்கிறவர் நிற்கிறார். எந்த அளவு முதலில் என்பதற்குப் பின்னால் லாரியில் ஏற்றுகிறவர் நிற்கிறார். இவர்களில் ஒருவரையும் கேட்காமல் "கெட்டியா" என்று சொல்லிவிட்டு வந்தால், ஆலைக்காரர் உங்கள் இஷ்டம் என்று பென்சிலை எடுத்துவிடுவார். அவருக்கென்ன?

பல மாதங்கள் கழித்து, தவுக்கே அனுப்பிய அடுத்த லோடைச் சரிபார்க்கப் பெருசாகக் கட்டிய கொட்டகைக்குப் போனேன். எனக்கு வேலையே வைக்கவில்லை. அக்கா பேலட்டுகளை ஜோடி ஜோடியாகப் போட்டு, ஒரு பெண்ணை அந்தப் பக்கம் நிற்கச் சொல்லி, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் குந்தியிருந்தார். கொட்டகையில் பூட்ஸ் ஏது?

"கால நகத்திக் காட்டுடி. ம்ம்... மெட்டி தெரியுது!" என்று அவர் போட்ட சத்தம் புகைக்கொட்டகை வரை கேட்டது. "ஏத்துங்கடி!"